நெற்றியில் ஏறிய விளக்கு

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து ஜாலான் புசார் பக்கமாகப் போகும் குறுக்குத் தெருக்களில், ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா என்னும் லிட்டில் இந்தியாவுக்கு வந்த நம்மவர் கூட்டம் நடைபாதை கொள்ளாமல் வழிகின்ற நேரத்தில், ஏதேனும் ஒரு ஹார்டுவேர் கடையின் வாசலில் சற்று ஒதுங்கி நின்று பார்த்தால், பாதுகாப்புக் காலணிகளுக்கும் ரப்பர்க் கையுறைகளுக்கும் நடுவே கொக்கியில் தொங்கும் ஒரு சிறு சாதனத்தைக் காணலாம். தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்ள ஒரு பட்டை; அதன் நடுவே, நெற்றிக்கு நேராக, ஒரு விளக்கு. அது ஒட்டப்பட்டிருக்கும் அட்டையில் பெரும்பாலும் ஒரு மானின் தலையோ, மலையுச்சியில் தனித்து நிற்கும் மனிதனின் நிழலுருவமோ அச்சிடப்பட்டிருக்கும். வேட்டைக்கும் வனசஞ்சாரத்துக்கும் உகந்தது என்று ஒரு வாசகமும் இருக்கும். வேட்டையாடுதல் சட்டவிரோதமாகிவிட்ட ஒரு தீவில், புக்கிட் தீமா வனத்தையே மாலை ஏழு மணிக்கு மூடிவிடுகிற ஒரு நகரத்தில், இந்த மான் தலையை நம்பி விளக்கு வாங்குகிறவர் யாராயிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டு நான் நின்றபோது, சுரங்கப் பாதை வேலைக்குப் போகும் நம்மூர் இளைஞர் ஒருவர் வந்து அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அட்டையில் இருந்த சித்திரத்தைவிட அந்த இளைஞரே அந்த விளக்கின் சரித்திரத்துக்கு நெருங்கியவர் என்பது என் அபிப்பிராயம். வேட்டைக்காரனின் ஆபரணமாக இன்று விளம்பரமாகும் இந்தச் சாதனம், உண்மையில் வேட்டைக்காரன் கூலிக்காரனிடம் கடன் வாங்கியதாகும். சிங்கப்பூரின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் அந்தக் கடனுக்கான சாட்சியங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கின்றன.

வேட்டையிலிருந்தே தொடங்கலாம். 1819-இல் ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸ் வந்து இறங்கிய பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வரையில் இத்தீவில் புலியைப் பற்றிய பேச்சு அதிகமாக எழவில்லை. காட்டை அழித்துக் காம்பியரும் மிளகும் பயிரிடச் சீனக் குடியானவர்கள் உள்நாட்டுக்குள் புகத் தொடங்கிய பின்னரே, ஜொகூர் நீரிணையை நீந்திக் கடந்து வந்த புலிகளுக்கும் அவர்களுக்கும் இடையே விரோதம் மூண்டது. 1831-இல் தொடங்கி மனிதர்கள் மாண்ட செய்திகள் பத்திரிகைகளில் வரலாயின. நூற்றாண்டின் நடுப்பகுதியில், நாளொன்றுக்கு ஓர் உயிர் என்னும் கணக்கையே பிரயாணிகள் தம் நூல்களில் எழுதிவிட்டுப் போனார்கள். இது மிகைபடக் கூறலாக இருக்கலாம் என்றாலும், புலிக்கு இரையான கூலிகளின் எண்ணிக்கையைத் தோட்ட முதலாளிகளே மறைத்தார்கள், வெளியே தெரிந்தால் வேலைக்கு ஆள் வராது என்னும் அச்சத்தால் மறைத்தார்கள் என்பதையும் சேர்த்து நினைக்கும்போது, மிகை எவ்வளவு என்று அறுதியிட்டுச் சொல்ல நம்மால் இயலாது. அரசாங்கம் புலித்தலைக்கு விதித்த வெகுமதி படிப்படியாக உயர்ந்து நூறு வெள்ளியை எட்டியது.

1835-இல், நகரத்தின் தலைமைக் கட்டடக் கலைஞரும் நில அளவையாளருமான ஜார்ஜ் கோல்மன் காட்டு வழியில் சாலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு புலி பாய்ந்து அவருடைய அளவைக் கருவியைத் தள்ளிக்கொண்டு போன சம்பவத்தை ஹைன்ரிக் லாய்ட்டமன் என்னும் ஜெர்மானியர் பின்னாளில் சித்திரமாக வரைந்தார். அந்தச் சித்திரத்தில் கோல்மனைச் சுற்றி மருண்டு விழுகிறவர்கள் யார் என்று பார்த்தால், அவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகள். 1825 முதல் சென்னை ராஜதானியிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்திறங்கி, இத்தீவின் சாலைகளையும் பாலங்களையும், செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும், இன்று இஸ்தானா என்று வழங்கும் ஆளுநர் மாளிகையையும் தம் கைகளால் எழுப்பியவர்கள் அவர்களே. அக்கைதிகளின் மேற்பார்வையாளராயிருந்த மக்நேர், 1899-இல் வெளியான தம் நூலில், துப்பாக்கி கொடுக்கப்பட்ட கைதிகள் சிலர் புலிவேட்டைக்கும் அனுப்பப்பட்டதைப் பதிந்திருக்கிறார். காலில் விலங்கோடு வந்தவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பிவிட்டு, அவன் திரும்பி வருவான் என்று நம்பிய நிர்வாகத்தைப் பற்றி வியப்பதா, திரும்பி வந்தவனைப் பற்றி வியப்பதா என்பது எனக்கு விளங்கவில்லை.

இவர்கள் யாரும் விளக்கை ஏந்திப் புலிவேட்டைக்குப் போகவில்லை என்பதையே நான் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். பள்ளம் தோண்டி மேலே இலைதழை பரப்புவார்கள். அல்லது ஆட்டையோ நாயையோ கட்டிவைத்து மரத்தின்மேல் பரண் அமைத்து நிலவுக்காகக் காத்திருப்பார்கள். தீப்பந்தம் என்பது கையில் பிடித்தவனையே முதலில் வெளிச்சம் போட்டுக் காட்டிவிடுவது. அவன் கண்ணையே முதலில் கூசவைப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கையைத் தனக்கென்று கேட்பது. மருந்து கெட்டித்துக் குறிபார்த்துச் சுடவேண்டிய அக்காலத் துப்பாக்கிக்கோ இரண்டு கையும் போதாது. தினைப்புனத்துப் பரணிலே இராக்காவல் காத்த குறவர்கள் ஞெகிழி என்னும் கொள்ளிக்கட்டையை வைத்திருந்ததைச் சங்கப் பாட்டுகளால் அறிகிறோம். ஆனால் அது யானையை விரட்டுவதற்கு ஏற்பட்ட நெருப்பேயன்றி வேட்டையாடுவதற்கு ஏற்பட்டதன்று. இத்தீவின் கரையோரத்து மலாய் மக்கள், நீர் வற்றிய இரவுகளில் குங்கிலியத்தை ஓலையில் சுற்றிய பந்தங்களைக் கொளுத்திக்கொண்டு நண்டும் மீனும் குத்தப் போனார்களென்றால், அங்கே வெளிச்சத்துக்கு ஒரு கை, ஈட்டிக்கு ஒரு கை என்று தொழில் பங்கிடப்பட்டது. இருவர் போனால் ஒருவருக்கு வேலை விளக்குப் பிடிப்பதே. விளக்குப் பிடிப்பவன் என்ற சொல்லுக்கு நம் பாஷையில் ஏற்பட்டுவிட்ட கௌரவக் குறைவான அர்த்தத்தை நினைத்தால், அந்த உத்தியோகத்தை மனிதர்கள் எவ்வளவு காலம் வெறுப்போடு பார்த்து வந்திருக்கிறார்கள் என்பது தெரியவரும்.

நகரத்தின் வீதிகளில் 1824-இல் தேங்காயெண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டன. 1864-இல், விக்டோரியா மகாராணியின் பிறந்த நாளன்று, காலாங் ஆலையின் எரிவாயு அவ்விடத்தைப் பிடித்தது. 1906-இல் மின்சாரம் வந்தது. நகரம் இவ்வாறு பிரகாசமடைந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1902-இல், கூண்டிலிருந்து தப்பிய ஒரு சர்க்கஸ் புலி ராபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்டு அறைக்குக் கீழே, தூண்களுக்கிடையில் இருந்த இருளில் போய்ப் பதுங்கிக்கொள்ள, ராபிள்ஸ் கல்வி நிலையத்தின் தலைமையாசிரியர் பிலிப்ஸ் என்பவரைத் தேடிக் கூட்டிவந்து சுடச் செய்தார்கள். இருளில் மின்னிய கண்களையே அவர் குறிவைத்தார் என்றும், முதற்குண்டுகள் தூண்களிலே பட்டன என்றும் அக்கதை சொல்லப்படுகிறது. தீவின் கடைசிக் காட்டுப்புலி 1930-இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டது. புலிவேட்டையின் மகத்தான காலம் முழுவதும், ஆக, நெற்றி விளக்கில்லாமலே தொடங்கி நெற்றி விளக்கில்லாமலே முடிந்துவிட்டது.

விளக்கு நெற்றிக்கு ஏறிய இடம் பூமிக்கு அடியில். 1815-இல் ஹம்ப்ரி டேவி செய்த காப்பு விளக்கு பிரசித்தமானது. ஆனால் அது கையில் பிடிப்பது அல்லது ஆணியில் மாட்டுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளிகள், சிறு கெண்டி போன்ற எண்ணெய்த் திரிவிளக்கு ஒன்றைத் தொப்பியின் முன்புறத்தில் கொக்கியால் மாட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். கடப்பாறையைப் பிடிக்க இரண்டு கை வேண்டும், கரியைத் தோண்டுகிறவனுக்கு விளக்குப் பிடிக்க ஆள் வைத்தால் முதலாளிக்குக் கட்டாது. இந்தச் சாமானியமான கணக்கிலிருந்துதான் நெற்றி விளக்கு பிறந்தது. அந்த விளக்கு புகைந்தது, எண்ணெய் வழிந்தது, இரண்டடிக்கு அப்பால் எதையும் காட்டவில்லை. 1892-இல் தாமஸ் வில்சன் என்னும் கனடா தேசத்தவர், மின் உலையில் வேறொன்றைச் செய்ய முயன்று தற்செயலாகக் கால்சியம் கார்பைடைச் செய்து முடித்தார்; 1900-இல் பிரெடெரிக் பால்ட்வின் என்னும் அமெரிக்கர் அதைக் கொண்டு எரியும் சிறு விளக்குக்குக் காப்புரிமை பெற்றார்.

கார்பைடு என்றால் நம் வாசகர்களுக்கு மாம்பழ மண்டியின் ஞாபகமே முதலில் வரும். ‘கல் வைத்துப் பழுக்கவைத்தது’ என்று பழக்கடையில் நாம் முகம் சுளிப்பது இதே கல்லைத்தான். கல்லின்மேல் நீர் பட்டால் அசெட்டிலின் என்னும் வாயு கிளம்பும். காயைப் பழமாகத் தோன்றச் செய்யும் அந்த வாயுவைத் தீயிட்டால், கண்ணைப் பறிக்கும் வெண்மையான சுடர் கிடைக்கும். விளக்கின் அமைப்பு எளியது: மேலறையில் தண்ணீர், கீழறையில் கல், நடுவில் சொட்டுச் சொட்டாக நீரை இறக்கும் ஒரு திருகு, முன்னால் பளபளப்பான பித்தளைத் தட்டு, அதன் மத்தியில் நுண்ணிய துவாரம். சொட்டைக் கூட்டினால் சுடர் வளரும், குறைத்தால் ஒடுங்கும். பூண்டு நாற்றம் ஒன்று கூடவே வரும். வேலை முடிந்தபின் கீழறையைத் தட்டினால் சுண்ணாம்புச் சேறு விழும். காற்று, மழை எல்லாவற்றோடும் அது போராட வேண்டியிருந்தது. எனினும் ஓடைத் தண்ணீரையே ஊற்றி எரிக்கக்கூடிய விளக்கு என்பதும், பையில் நாலு கல்லைப் போட்டுக்கொண்டால் இரவு முழுவதும் கவலையில்லை என்பதும், மின்சாரம் எட்டாத இடங்களில் அற்பமான சௌகரியங்கள் அல்ல. சிங்கப்பூரின் இரவு வீதிகளில் தள்ளுவண்டிக்காரர்களும் இதே விளக்கின் பெரிய வடிவத்தை எரித்தார்கள். வறுத்த நூடுல்ஸின் மணத்தோடு அந்தப் பூண்டு நாற்றமும் கலந்திருந்த காலத்தைப் பழைய மனிதர்கள் நினைவுகூர்வார்கள்.

இந்தக் கல் விளக்கை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருட்டுக்குள் நடந்தவர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். அதன் பூர்வோத்தரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அத்தொழில் நகரத்தின் தாவரப் பூங்காவில் தொடங்கியது. 1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்தன. 1888-இல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் வழியைத் தொண்ணூறுகளில் கண்டறிந்தார். காயத்தின் விளிம்பை மறுபடி மறுபடி மெல்லிய சீவலாகச் சீவினால் அதே காயத்திலிருந்து நாள்தோறும் பால் வடியும் என்பது அவர் கண்ட ரகசியம். ரப்பர் விதைகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பட்ட தோட்டக்காரர்களிடமெல்லாம் நடும்படி மன்றாடியதால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. பின்னர் உலகம் முழுவதும் மோட்டார் வண்டி ஓடத் தொடங்க, அந்தப் பைத்தியத்தின் பெறுமானம் எல்லாருக்கும் தெரிந்தது. நூறு வயதுவரை வாழ்ந்து 1956-இல் அவர் காலமானார். இத்தீவிலேயே புக்கிட் தீமா, மண்டாய், செம்பவாங் என்று வடக்கும் மத்தியும் ரப்பர்க் காடாயின. லிம் நீ சூன் அன்னாசியிலும் ரப்பரிலும் பெருந்தனவந்தரானார், அவர் பெயரே இன்று ஈசூன் என்னும் நகராக நிற்கிறது. செம்பவாங்கில் ரப்பர் பயிரிட்ட கம்பெனி ஒன்று இன்று அதே பெயரில் வீடு கட்டி விற்கிறது. அந்தத் தோட்டங்களுக்கும் நீரிணைக்கு அப்பாலுள்ள பெருந்தோட்டங்களுக்கும் கங்காணிகளின் பின்னால் கப்பலேறி வந்தவர்கள் நம் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காட்டு ஜனங்கள்.

பால் ஏன் இருட்டிலே வெட்டப்பட வேண்டும்? மரத்தின் பட்டைக்குள்ளே பால் ஓடும் நுண்குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்னால் உச்சமாயிருக்கும். சூரியன் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அழுத்தம் தணிந்து பால் குறையும், வெட்டுவாயும் சீக்கிரம் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆதலால் முந்தினவனுக்குப் பால் அதிகம். பெருந்தோட்டங்களில் இந்தப் பந்தயத்துக்கு எல்லை உண்டு. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, கிராணி கணக்கெடுத்து, மரம் கண்ணுக்குத் தெரிகிற வேளையில்தான் நிரைக்கு இறங்குவார்கள். வழிக்கு மட்டும் கையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கோ பிற்காலத்தில் டார்ச்சோ இருந்தால் போதும். சொந்தத் துண்டு நிலத்தில் வெட்டிய சீனக் குடியானவரும் மலாய்க்காரரும் பின்னிரவு இரண்டு மணிக்கே நெற்றியில் கல் விளக்கோடு புறப்பட்டுவிடுவார்கள். தாய்லாந்தின் தெற்குப் பகுதியில் நள்ளிரவு தாண்டிய ரப்பர்த் தோப்புகளில் நட்சத்திரங்கள் தரையில் இறங்கி நடமாடுவதுபோல் இந்த விளக்குகள் அசைவதை இன்றும் காணலாம். கல் போய்ப் பாட்டரி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மரத்தின் முன் நிற்கும் ஆளுக்கு எப்படிப்பட்ட விளக்கு வேண்டும் என்பதைக் கொஞ்சம் எண்ணிப்பார்த்தால், இன்று கடைக்காரர்கள் கூறும் தேர்வு லக்ஷணங்கள் பாதி விளங்கிவிடும். உளியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். சீவல் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு மேற்படக்கூடாது; பட்டைக்குள் ஆழமாகப் போகலாம், ஆனால் வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் புண்பட்டு முடிச்சு விழும், அடுத்த ஆண்டுகளுக்கு அந்த இடம் வெட்ட உதவாது. நேற்றைய வெட்டின் விளிம்பைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும். பார்வை முக்கால் அடி தூரத்துக்குமேல் போக வேண்டியதில்லை. நூறு கஜத்துக்கு அப்பால் பாய்கிற கூர்மையான ஒளிக்கற்றை இங்கே உபத்திரவமே; அது வெட்டுவாயில் ஒரு வெள்ளைப் பொட்டை உண்டாக்கி, சுற்றிலும் இருட்டைக் கெட்டியாக்கிவிடும். கல் விளக்கின் சுடரோ கூர்மையில்லாமல் பரந்து, மிருதுவாகப் படியும். பட்டையின் பழுப்பையும் பாலின் வெண்மையையும் பிரித்துக் காட்டும். ஒரு நிரையில் முந்நூறு நானூறு மரம். ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து நிமிர வேண்டும். ஆகவே கனம் குறைந்ததாயிருக்க வேண்டும், குனியும்போது வழுக்கக்கூடாது, வேர்வையிலும் பனியிலும் அணையக்கூடாது. இவை எல்லாம் எழுதப்படாத விதிகளாகத் தோட்டக்காட்டில் இருந்தன. விளம்பர அட்டையில் அவற்றை இன்று வேறு பெயரில் காண்கிறோம்.

வேட்டைக்காரர்கள் இதைக் கண்டுகொண்டது அதற்குப் பின்னரே. அமெரிக்காவில் இராப்பொழுதில் நாய்களோடு அலையும் வேட்டைக்காரர்கள் சுரங்கத் தொழிலாளியின் கல் விளக்கைத் தொப்பியில் மாட்டிக்கொண்டார்கள். தோட்டக்காட்டை நாசம் செய்யும் பன்றிகளை எதிர்கொண்ட இடங்களில் இங்கும் அவ்வண்ணமே நடந்தது. அப்போதுதான் ஓர் அதிசயம் அவர்களுக்குப் புலப்பட்டது. மான், பூனை, முதலை முதலிய பிராணிகளின் கண்ணுக்குள், பின்புறத்தில், ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு. அது ஒளியை வந்த வழியே அனுப்புகிறது. கையில் இடுப்பளவில் பிடித்த விளக்கின் ஒளி அவ்வாறே இடுப்பளவுக்குத் திரும்பிவிடும், நெற்றியில் இருக்கும் விளக்கின் ஒளி நேராகப் பார்ப்பவனின் கண்ணுக்கே வந்து சேரும். பிலிப்ஸ் துரை பில்லியர்டு அறையின் கீழே தேடிய அந்த இரண்டு மின்னல்களை, நெற்றி விளக்கு அணிந்தவன் நூறு கஜத்துக்கு அப்பாலிருந்தே காண்கிறான். ஆனால் இங்கேதான் வேட்டைக்காரனின் தேவை தொழிலாளியின் தேவையிலிருந்து பிரிந்தது: அவனுக்கு வேண்டியது பரந்த ஒளியன்று, தொலைவில் பாய்வது. எனவே டார்ச்சைத் துப்பாக்கிக் குழலோடு பிணைத்தார்கள். தருமபுரி, சேலம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்த கென்னத் ஆண்டர்சன் அப்படிப் பிணைத்த டார்ச்சைப் பற்றித் தம் நூல்களில் நிறைய எழுதியிருக்கிறார். நம் கிராமங்களில் முயலுக்கு ‘லைட் அடிக்கப் போவது’ என்று சொல்லும் வழக்கும் இதன் சந்ததியே.

ஒளியில் மயங்கித் திகைத்து நிற்கிற மிருகத்தைச் சுடுவதில் என்ன வீரம் என்ற கேள்வி எழுந்து, பல தேசங்களில் இராவேட்டை விலக்கப்பட்டது. சிங்கப்பூரில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1904-இலேயே முளைவிட்டது. 1965-இல் திருத்தி அமைக்கப்பட்டது. 2020-இல் காட்டுயிர்ச் சட்டம் என்னும் புதுப் பெயரோடு கடுமையானது, பன்றிக்குச் சோறு போடுவதும் இன்று குற்றம். இதற்குமேல் வேட்டையைப் பற்றிச் சொல்ல இங்கே ஒன்றுமில்லை.

நெற்றி விளக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை. அது பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போயிற்று. இடுப்பில் பாட்டரியும் தொப்பியில் விளக்கும் நடுவில் ஒரு கம்பியுமாக எடிசன் 1915-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கச் சுரங்கங்களுக்குக் கொடுத்த உருவம், பாட்டரியையும் தலைக்கே ஏற்றிக்கொண்டு 1973-இல் பெர்னான் பெட்சல் என்னும் பிரெஞ்சுக் குகையாய்வாளரின் கையில் இலகுவாகி, தொண்ணூறுகளில் ஜப்பானியர் கண்ட நீல நிற எல்.ஈ.டி.யினால் மயிற்பீலியின் கனத்துக்குக் குறைந்தது. அது சிங்கப்பூர் மண்ணுக்கடியில் நுழைந்தபோது, அதை அணிந்தவர்களில் பலர் மறுபடியும் நம்மவர்களே. 2003-இல் திறந்த வடகிழக்கு ரயில் பாதைக்காகவும், 2015 டிசம்பரில் திறந்த டவுன்டவுன் பாதையின் இரண்டாம் கட்டத்துக்காகவும், லிட்டில் இந்தியாவின் கீழேயே இரண்டு தடவை பூமி குடையப்பட்டது. ஜூரோங் தீவருகே நிலமட்டத்துக்கு 130 மீட்டர் கீழே பாறையைக் குடைந்து எண்ணெய்க் கிடங்கு அமைத்தார்கள். 2014-இல் அது திறக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவில் வீரமாகாளியம்மன் கோயில் மணியோசை மேலே கேட்டுக்கொண்டிருக்க, கீழே தலைக்கவசத்தின்மேல் ஒளிப்பொட்டு வைத்துக்கொண்டு ஒருவர் கான்கிரீட்டைச் சோதித்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைக்கையில், கோல்மனுக்குப் பின்னால் நடந்த கைதிகளின் ஞாபகம் எனக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை.

அந்த விளக்கை வாங்க நானே ஒருதடவை போய் ஏமாந்த கதையும் உண்டு. நீர் வற்றிய இரவொன்றில் சாங்கிக் கடற்கரைக்கு நண்டும் நட்சத்திர மீனும் பார்க்கப் போகும் ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள எண்ணி, கடையில் இருந்தவற்றுள் மிகப் பெரிய எண் அச்சிட்டிருந்த விளக்கைத் தேர்ந்தெடுத்தேன். லூமன் என்று போட்டிருந்த அந்த எண், விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அளவேயன்றி அது எங்கே போய் விழுகிறது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பதை அப்போது நான் அறியேன். கரையில் இறங்கியதும், ஈர மணலில் பட்ட வெளிச்சம் திரும்பி என் கண்ணிலேயே அடித்தது. கொசுவும் ஈசலும் என் மூக்கைத் திருவிழாப் பந்தலாக நினைத்துக்கொண்டன. பேசுவதற்காக நான் முகத்தைத் திருப்பிய திசையிலெல்லாம் நண்பர்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் வயதில் மூத்தவர், இளமையில் ஜொகூர்த் தோட்டமொன்றில் பால் வெட்டியவர், ‘தம்பி, அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் தரையைப் பாத்து இறக்குங்க. ஒரு தடவை கண்ணுல பட்டுச்சுன்னா அரைமணி நேரத்துக்கு எதுவும் தெரியாது’ என்றார். அவர் தம் நெற்றியில் மங்கலான சிவப்பு ஒளியோடு நடந்து, நான் காணாத பத்துப் பன்னிரண்டு ஜந்துக்களைக் கண்டார்.

அவர் சொன்னதில் சாஸ்திரம் உண்டு. இருட்டுக்குப் பழகிய கண் முழுப் பார்வை பெற அரைமணி நேரம்வரை ஆகும். சிவப்பு ஒளி அந்தப் பழக்கத்தை அதிகம் குலைப்பதில்லை, பல இராப்பிராணிகளையும் அவ்வளவாகக் கலைப்பதில்லை. இவ்விளக்குகளின் தூரத்தை அளக்க 2009-இல் ஏற்பட்ட ஓர் அமெரிக்க விதி எனக்கு மிகவும் பிடித்தமானது: விளக்கின் ஒளி எவ்வளவு தொலைவில் கால் லக்ஸ் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி அளவுக்குக் குறைகிறதோ, அதுவே அதன் தூரம். பரண்மேல் உட்கார்ந்து புலிக்காகக் காத்திருந்தவர்கள் நம்பிய அதே நிலவு ஓர் அளவுகோலாக இன்னும் உத்தியோகத்தில் இருக்கிறது. 1994 மே மாதம் மண்டாயில் திறக்கப்பட்ட இரவு விலங்குப் பூங்காவிலும், சைமன் கோர்டர் என்னும் ஒளியமைப்பாளர் மரக்கிளைகளிடையே விளக்குகளை மறைத்துவைத்து நிலவையே போலி செய்தார். காட்டின் இருட்டை விரட்ட ஒரு நூற்றாண்டு பாடுபட்ட தீவு, பணம் கொடுத்து அந்த இருட்டை மீண்டும் தயாரித்திருக்கிறது.

ஜாலான் புசாரில் நான் கண்ட அந்த இளைஞரிடம் திரும்பி வருவோம். அட்டையிலிருந்து விளக்கைக் கழற்றித் தலையில் மாட்டி, பொத்தானை ஒருமுறை அழுத்தினார். வெள்ளை ஒளி எதிர்ச்சுவரில் வட்டமாக விழுந்தது. மறுமுறை அழுத்தினார், அது பரந்தது. மூன்றாம் முறை சிவப்பாயிற்று. சுவரை அவர் அதிகம் கவனிக்கவில்லை. தம் இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் விரித்து, அவற்றின்மேல் ஒளி எப்படி விழுகிறது என்று பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, உடனே நிமிர்ந்து, பட்டை நழுவுகிறதா என்று சோதித்தார்.

‘அண்ணே, இது சார்ஜ் ஏத்துறதா, பேட்டரி மாத்துறதா?’

‘சார்ஜ்தான் தம்பி. புது மாடல். அஞ்சு மணி நேரம் நிக்கும்.’

‘எங்க ஷிப்ட் பன்னண்டு மணி நேரம்ணே. உள்ள போய்ட்டா சார்ஜ் போட எடம் ஏது? பேட்டரி மாத்திக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க.’

கடைக்காரர் மேல்வரிசையிலிருந்து தூசி படிந்த பழைய மாதிரி ஒன்றை இறக்கினார். அதன் அட்டையிலும் ஒரு மான் இருந்தது.